ஒரு பல்லின் விலை

மோட்டார் சைக்கிள் வாங்கிய பலர் சில மாதங்களிலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: 'வண்டி இழுக்கவில்லை; பிக்கப் போதவில்லை.' இதற்குப் பட்டறைகளில் பரிந்துரைக்கப்படும் எளிய மருந்து, செயின் ஸ்பிராக்கெட் எனப்படும் பற்சக்கரத்தை மாற்றுவது. முன்சக்கரப் பல்லில் ஒன்றைக் குறைத்தால் வண்டி துள்ளிப் புறப்படும் என்கிறார்கள். சில நூறு ரூபாய் செலவு. ஒரு மணி நேர வேலை.

இந்தக் கூற்று பொய்யன்று. ஆனால், அதன் மறுபாதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. எதைப் பெறுகிறோம் என்பது பட்டறையிலேயே தெரிந்துவிடுகிறது. எதைக் கொடுக்கிறோம் என்பது மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கிலும், ஆண்டுக் கடைசியில் செயின் கணக்கிலும்தான் தெரியவருகிறது. பயன் உடனடியாகவும் செலவு தவணை முறையிலும் வரும் எந்தப் பேரத்திலும் மனிதர்கள் எளிதில் ஏமாறுவார்கள் என்பது பொருளியல் மாணவர்கள் அறிந்த பாடம்.

வேகத்தில் மயங்கும் இளைஞர்கள் மட்டுமே இந்த மாற்றத்தை நாடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். இருபுறமும் பால் கேன்களைக் கட்டிச் செல்பவர், சமையல் எரிவாயு உருளைகளைச் சுமந்து செல்பவர், உணவுப் பொட்டலங்களை வீடு தேடிக் கொடுப்பவர், ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் அன்றாடம் மேடேறி வேலைக்குச் செல்பவர் ஆகியோருக்கும் புறப்படும்போது கிடைக்கும் இழுவை வாழ்வாதாரத்தோடு தொடர்புடையது. ஆகவே, இதைச் சரியாகத் தெரிந்துகொண்டு தீர்மானிப்பது நல்லது.

அடிப்படையைப் பார்ப்போம். எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டி வழியாக வெளிவரும் இடத்தில் சிறிய பற்சக்கரம் ஒன்று இருக்கிறது. பின்சக்கரத்தோடு பெரிய பற்சக்கரம் ஒன்று பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் செயின் இணைக்கிறது. இன்றைய உருளைச் சங்கிலியை மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கினார். இத்தனை ஆண்டுகளில் உலோகமும் உயவும் மேம்பட்டிருக்கின்றனவே தவிர, தத்துவம் மாறவில்லை.

அந்தத் தத்துவம் நம் வீட்டுத் தையல் இயந்திரத்திலும் இருக்கிறது. காலால் மிதிக்கும் பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், மேலேயுள்ள சிறிய சக்கரம் பல சுற்றுகள் சுற்றுகிறது. அங்கே விசையைக் கொடுத்து வேகத்தைப் பெறுகிறோம். மோட்டார் சைக்கிளில் இது தலைகீழ். சிறிய சக்கரம் பலமுறை சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகத்தைக் கொடுத்து விசையைப் பெறுகிறோம். எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுவது என்பதை இரு சக்கரங்களின் பல் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

ஒரு வண்டியில் முன்னே 14 பற்களும் பின்னே 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் விகிதம் 3. முன்னே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் விகிதம் 3.23 ஆகிறது. அதாவது, ஒவ்வொரு கியரிலும் பின்சக்கரத்துக்குச் செல்லும் இழுவிசை ஏறத்தாழ 7.7 விழுக்காடு கூடுகிறது. இதே அளவு மாற்றத்தைப் பின்சக்கரத்தில் செய்ய வேண்டுமானால், ஒரு பல் போதாது. 42-ஐ 43 ஆக்கினால் 2.4 விழுக்காடுதான் கூடும். 45 ஆக்கினால் 7.1 விழுக்காடு கூடும். முன்னே ஒரு பல், பின்னே மூன்று பற்களுக்குச் சமம் என்று தோராயமாக நினைவில் கொள்ளலாம். சிறு திருத்தம் வேண்டுவோர் பின்சக்கரத்தையும், பெரிய மாற்றம் வேண்டுவோர் முன்சக்கரத்தையும் நாடுவதன் காரணம் இதுவே.

இனி, கொடுக்கும் பக்கத்தைப் பார்ப்போம். முன்பு கடைசி கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றது என்றால், இப்போது அதே வேகத்துக்கு ஏறத்தாழ 5,385 முறை சுழல வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எஞ்சின் 7.7 விழுக்காடு அதிகமாக உழைக்கிறது. சத்தமும் அதிர்வும் கூடுகின்றன. ஒவ்வொரு கியரும் எட்டக்கூடிய உச்ச வேகம் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது.

இங்கேதான் முக்கியமான உண்மை ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பற்சக்கரத்தை மாற்றுவதால் எஞ்சினின் திறன் ஓர் அணுவளவும் கூடுவதில்லை. இருக்கும் திறனை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைக்கிறோம், அவ்வளவே. நாட்டின் வருமானம் கூடாமல், ஒரு துறைக்கான ஒதுக்கீட்டைக் குறைத்து மற்றொரு துறைக்குக் கூட்டும் வரவு செலவுத் திட்டத்தைப் போன்றது இது. அந்த மறு ஒதுக்கீடு நல்லதா கெட்டதா என்பது தேவை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

திறனுக்கும் எடைக்கும் உள்ள உறவே ஒரு வண்டியின் துடிப்பை முதன்மையாகத் தீர்மானிக்கிறது. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 இன்றும் பிக்கப்புக்காகப் பேசப்படுகிறது. அதன் எஞ்சின் 98 சிசிதான்; ஆனால், டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த அது 11 குதிரைத்திறனைத் தந்தது. வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோ. இன்று பரவலாக ஓடும் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 97.2 சிசி எஞ்சின் கொண்டது. அதன் திறன் ஏறத்தாழ 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ. 100 கிலோ எடைக்குக் கிடைக்கும் திறன் முன்னதில் 11. பின்னதில் 7-க்குச் சற்று மேல். இந்த இடைவெளியை ஒரு பல்லால் நிரப்ப முடியாது. அதற்கு ஈடாக, ஸ்ப்ளெண்டர் தரும் மைலேஜை அந்தப் பழைய வண்டி தந்ததில்லை.

கூடுதல் இழுவை எல்லா வேகங்களிலும் கிடைக்கும் என்பதும் முழு உண்மையன்று. மூன்றாவது கியரில் இழுவை போதவில்லை என்றால், இரண்டாவது கியருக்கு இறங்கினாலே போதும். பற்சக்கர மாற்றம் தருவதைவிடப் பன்மடங்கு அதிகமான இழுவை செலவின்றிக் கிடைக்கும். கியர் மாற்றினாலும் பெற முடியாத இடம், முதல் கியர் மட்டுமே. அதற்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லை. ஆகவே, நின்ற நிலையிலிருந்து புறப்படுவதிலும், மேட்டில் சுமையோடு ஏறுவதிலும் பற்சக்கர மாற்றம் உண்மையான பயன் தருகிறது. அடுத்ததாக, கடைசி கியரிலேயே ஓட்டிச் செல்ல விரும்புவோருக்கு அடிக்கடி கியர் இறக்க வேண்டிய தொல்லை சற்றுக் குறைகிறது. இவ்விரண்டு நன்மைகளையும் தவிர்த்த மற்றவை பெரும்பாலும் உணர்வு சார்ந்தவை.

சில வேளைகளில் விளைவு எதிர்மாறாகவும் அமையலாம். ஒரு வண்டி இரண்டாவது கியரில் மணிக்கு 52 கிலோமீட்டர் வரை செல்லும் என்று கொள்வோம். நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, ஒருமுறை கியர் மாற்றினால் போதும். முன்னே ஒரு பல் குறைந்தபின் அதே கியரின் எல்லை 48 ஆகிவிடும். 50-ஐத் தொட மூன்றாவது கியருக்கும் மாற வேண்டும். கிளட்சைப் பிடித்து, கியரை மாற்றி, மீண்டும் விடும் நேரத்தில் எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை. பற்சக்கரத்தில் ஈட்டியது கியர் மாற்றத்தில் கரைந்துபோகும். வண்டி வேகமாகப் புறப்படுவதுபோல் தோன்றும். கடிகாரம் வேறுவிதமாகச் சொல்லும்.

சுமையோடு ஒப்பிட்டால், ஒரு பல்லின் அளவு இன்னும் தெளிவாக விளங்கும். 110 கிலோ வண்டியில் 70 கிலோ மனிதர் அமர்ந்தால் மொத்தம் 180 கிலோ. பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் 240 கிலோ. எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சமதளத்தில் வேகம் கூடும் விகிதம் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. இதை முழுமையாக ஈடுகட்ட 33 விழுக்காடு கூடுதல் இழுவை தேவை. ஒரு பல் தருவது 8 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆனால், மேட்டில் கணக்கு மாறுகிறது. 10 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் சாலையை எடுத்துக்கொள்வோம். நீலகிரி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியே ஏறத்தாழ 12-க்கு 1 என்ற சரிவுதான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு கடினமான ஏற்றம் என்பது புரியும். அதில் கூடுதலாக 60 கிலோவை ஏற்ற, ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான கூடுதல் இழுவிசை வேண்டும். 100 சிசி எஞ்சின் தரும் முறுக்குவிசை சுமார் 8 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது மொத்தம் 30 மடங்கு பெருக்கப்படுவதாகவும், சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், சாலையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு பல்லைக் குறைப்பதால் அதில் கூடுவது சுமார் 6 கிலோ. அதாவது, அந்தச் செங்குத்தான மேட்டில் பின்னால் அமர்ந்திருப்பவரைச் சுமக்கும் கூடுதல் பளுவை அந்த ஒரு பல் ஏற்றுக்கொள்கிறது. நகரச் சாலையில் ஆடம்பரமாகத் தோன்றும் அதே மாற்றம் மலைச்சாலையில் அவசியமாகிறது. பொருளின் பயன்பாடு பொருளில் இல்லை. அது யாருக்கு, எங்கே என்பதில் இருக்கிறது என்று பொருளியல் கூறுவது இதைத்தான்.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். மைலேஜ் எவ்வளவு குறையும் என்பது வண்டிக்கு வண்டி, சாலைக்குச் சாலை, கைக்குக் கை மாறுபடும். நெரிசல் மிகுந்த நகரில் வேறுபாடு சிறிதாகவும், நெடுஞ்சாலையில் கடைசி கியரிலேயே செல்பவருக்குப் பெரிதாகவும் இருக்கும். ஒரு கணக்குக்காக 5 விழுக்காடு குறைவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்த வண்டி 57 தருகிறது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் அலுவலருக்கு 200 லிட்டருக்குப் பதிலாக 210 லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,050 ரூபாய் கூடுதல் செலவு. நாள்தோறும் 100 கிலோமீட்டர் அலையும் விநியோகத் தொழிலாளி ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால், கூடுதல் செலவு 2,600 ரூபாயைத் தாண்டும். சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பற்சக்கரத்தின் உண்மையான விலை இதுதான். கடையில் கொடுத்தது முன்பணம் மட்டுமே.

இந்த இழப்பு கண்ணில் படாமலும் போகலாம். பழைய வண்டிகளில் வேகமானியின் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருவதால், பற்சக்கர மாற்றம் அதைப் பாதிக்காது. சில புதிய வண்டிகளில் வேகத்தை அளக்கும் உணரி கியர் பெட்டியின் வெளியேறும் பகுதியில் இருக்கிறது. அத்தகைய வண்டியில் முன்னே ஒரு பல் குறைந்தால், வேகமானி 7.7 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஓடிய தொலைவும் அவ்வாறே கூடுதலாகப் பதிவாகும். அந்தப் பொய்த் தொலைவை வைத்து மைலேஜ் கணக்கிட்டால், 'குறையவே இல்லை; சற்றுக் கூடியிருக்கிறது' என்றுகூடத் தோன்றும். பின்னாளில் வண்டியை விற்கும்போது, ஓடாத தொலைவுக்கும் சேர்த்து மதிப்புக் குறையும்.

செயினின் கணக்கும் உண்டு. பற்சக்கரம் சிறிதாகும்போது செயின் அதிகக் கூர்மையாக வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பல்லின் மீதும் விழும் சுமையும் கூடுகிறது. இதனால் தேய்மானம் விரைகிறது. சில வண்டிகளில் செயின் தாழ்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ரப்பரை உரசவும் செய்யும். பின்சக்கரத்தில் பற்களைக் கூட்டினால் செயினின் நீளம் போதாமல் போகலாம். 428 என்ற எண் கொண்ட செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர். முன்னே ஒரு பல் குறைந்தால் பின்சக்கரத்தை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்த வேண்டும். பின்னே மூன்று பற்கள் கூடினால், ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் முன்னுக்கு நகர்த்த வேண்டும். சரிசெய்யும் திருகில் அதற்கு இடமிருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

உண்மையில், 'பிக்கப் இல்லை' என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குத் தேவை புதிய விகிதமன்று, பழைய பராமரிப்பே. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம், பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருக்கலாம். உயவின்றித் துருப்பிடித்த செயினும் இழுவையைத் தின்னும். 428 வகைச் செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீட்டர். அது 259-ஐ எட்டினால், அதாவது 2 விழுக்காடு நீண்டுவிட்டால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவத்தில் மட்டுமல்ல, பட்டறையிலும் தவறே.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால், என்ன செய்யலாம்? முதலில், நம் பயணத்தின் பெரும்பகுதி எத்தகையது என்று நேர்மையாகக் கணக்கிட வேண்டும். ஆண்டில் நான்கு நாள் மலையேறுவதற்காக எஞ்சிய 361 நாளும் கூடுதல் பெட்ரோல் ஊற்றுவது அறிவுடைமையாகாது. அன்றாடம் சுமையோடு மேடேறுபவருக்கு முன்னே ஒரு பல் குறைப்பது நியாயமான தேர்வு. நகருக்குள் நின்று நின்று செல்பவர் பின்னே ஒன்றிரண்டு பற்களைக் கூட்டி அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்பவர் இந்த மாற்றத்தைத் தவிர்ப்பதே நலம். சிலர் முன்னே ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்குவதுண்டு, விகிதம் 2.8 ஆகி, 60 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்சி 5,000-இலிருந்து ஏறத்தாழ 4,670-ஆகக் குறையும். ஆனால், புறப்படும்போது கிளட்ச் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

மாற்றுவது என்று முடிவு செய்தால், செயின், முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம் மூன்றும் தேய்ந்து மாற்றும் தருணத்திலேயே செய்வது சிக்கனம். தேய்ந்த செயினோடு புதிய பற்சக்கரத்தைச் சேர்த்தால், பழையது புதியதையும் தின்றுவிடும். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும், டேங்க்கை நிரப்பி நிரப்பி, அதே சாலையில் அதே சுமையோடு சில வாரங்கள் மைலேஜைக் குறித்து ஒப்பிட வேண்டும். மாற்றம் பயன் தரவில்லை என்றால் திரும்பிச் செல்வதற்கு, கழற்றிய பற்சக்கரம் இன்னும் உழைக்கும் நிலையில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

சட்டமும் பொறுப்பும் இதில் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. பற்களின் எண்ணிக்கை அந்தச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை என்றாலும், புகை, சத்தம் ஆகியவற்றுக்கான ஒப்புதல் சோதனைகள் தயாரிப்பாளர் பொருத்திய விகிதத்திலேயே நடத்தப்படுகின்றன. உத்தரவாதக் காலத்தில் செய்யும் மாற்றம் அந்த உத்தரவாதத்தையே கேள்விக்குள்ளாக்கலாம். எனவே, விதிமுறையைக் கேட்டறிந்து செய்வது பாதுகாப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பற்சக்கரம் புறப்பாட்டை மாற்றுகிறது; பிரேக்கை மாற்றுவதில்லை. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. சிக்னலில் இரண்டு விநாடி முந்துவதற்காக மாற்றும் பல்லும், பால் கேனோடு மேடேறுவதற்காக மாற்றும் பல்லும் ஒரே கடையில், ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. முதலாவது எந்த வருமானத்தையும் ஈட்டித் தருவதில்லை. இரண்டாவது ஒரு குடும்பத்தின் அன்றாட உழைப்பை எளிதாக்குகிறது.

வண்டியைத் தயாரித்தவர்கள் சராசரி மனிதரையும் சராசரிச் சாலையையும் கருத்தில் கொண்டே விகிதத்தைத் தீர்மானிக்கிறார்கள். நம்மில் பலர் சராசரியானவர்கள் அல்லர். ஆகவே, மாற்றத்துக்கு இடமுண்டு. ஆனால், பட்டறைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எத்தனை நாள் மேடு, எத்தனை கிலோ சுமை, எத்தனை கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்று எழுதிப் பார்ப்போம். அந்தத் தாள் 'வேண்டும்' என்று சொன்னால் மாற்றுவோம். இல்லையென்றால், செயினுக்கு எண்ணெய் இட்டு, டயருக்குக் காற்றடித்து, மீதமாகும் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).